வீட்டுத் தகடும் படத்தின் தெளிவும்

வீட்டில் நடந்த திருமணத்தையும், பள்ளியில் நடந்த ஆண்டு விழாவையும் வீடியோ நாடாவில் பதிந்து வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அந்த நாடாக்களில் பெரும்பாலானவை இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்டவை. நாடா அலமாரியில் இருக்கிறது. அதனை ஓட்டிக் காட்டும் கருவிதான் கிடைப்பதில்லை. வி.எச்.எஸ். நாடாக் கருவிகளைக் கடைசி வரையில் செய்து வந்த ஃபுனாய் என்னும் ஜப்பானிய நிறுவனம், 2016ஆம் ஆண்டு ஜூலை மாதத்தோடு அவ்வேலையை நிறுத்திவிட்டது. ஆகவே, இருக்கும் கருவிகள் பழுதாகுமுன் நாடாவில் உள்ளதைத் தகட்டில் ஏற்றிவிட வேண்டும் என்ற அவசரம் பலருக்கு உண்டாகியிருக்கிறது. நல்ல அவசரந்தான். ஆனால், எந்தத் தகட்டில், எந்த முறையில் ஏற்றுவது என்று கேட்டால் கடைக்காரர் ஒன்று சொல்கிறார், அண்டை வீட்டார் வேறொன்று சொல்கிறார். என்னிடம் படித்த மாணவர்கள் சிலரும் இக்கேள்வியை என்னிடம் கேட்டதுண்டு. அதற்கு விடை கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம். எண்கள் சில வரும்; அவை ஐந்தாம் வகுப்புக் கணக்குக்கு மேற்பட்டவை அல்ல.

முதலில், தொலைக்காட்சிப் படம் என்பது என்ன என்று பார்ப்போம். அசையும் படம் என்று நாம் சொல்வது உண்மையில் அசையாத பல படங்களின் வரிசையே. ஒவ்வொரு படமும் மேலிருந்து கீழாக அடுக்கிய வரிகளால் ஆனது. நம் நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி 1982ஆம் ஆண்டில் வந்தபோது, மேற்கு ஜெர்மனியில் வால்டர் புரூக் என்னும் பொறியாளர் உருவாக்கிய 'பால்' என்ற முறையை மேற்கொண்டோம். இது நாம் குடிக்கும் பால் அன்று. ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள். இம்முறையில் ஒரு விநாடிக்கு 25 படங்கள். ஒரு படத்துக்கு 625 வரிகள். அவற்றுள் திரையில் காட்சியாகத் தெரிபவை 576. அமெரிக்காவில் 1953 முதல் வழங்கிய என்.டி.எஸ்.சி. என்ற முறையில் விநாடிக்கு ஏறத்தாழ 30 படங்கள், 525 வரிகள், தகட்டில் பதிவாகிறவை 480. நம் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது, அமெரிக்க மின்சாரம் 60 முறை அலைவது. இவ்வேறுபாட்டை ஒட்டியே படங்களின் எண்ணிக்கையும் வேறுபட்டது.

இன்னுமொரு நுட்பம் இருக்கிறது. இந்த 25 படங்களும் முழுமுழுப் படங்களாக வருவதில்லை. முதலில் ஒற்றைப்படை வரிகள் மட்டும் வரும். அடுத்து இரட்டைப்படை வரிகள் வரும். ஆக, விநாடிக்கு 50 அரைப்படங்கள். ஓடும் குழந்தையின் கால் வழுக்கிக்கொண்டு போவதுபோல இயல்பாகத் தோன்றுவதற்கு இந்த 50 என்ற எண்ணே காரணம். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வேலை உண்டு.

இனி, இப்படத்தைத் தகட்டில் எழுதுவதற்கு அதனைப் புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் நிறத்தையும் எண்ணாக மாற்ற வேண்டும். ஒரு வரிக்கு 720 புள்ளி என்று கொண்டால், 576 வரிக்கு 4,14,720 புள்ளிகள். விநாடிக்கு 25 படம் என்றால் ஒரு கோடியே மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். நம் கண் ஒளியை உணரும் அளவு நுட்பமாக நிறத்தை உணர்வதில்லை. ஆதலால் நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒருமுறை எழுதினால் போதும். அவ்வாறு சிக்கனம் செய்த பிறகும் புள்ளி ஒன்றுக்குப் பன்னிரண்டு 'பிட்' வீதம், விநாடிக்குப் பன்னிரண்டரைக் கோடி பிட் ஆகிறது. பிட் என்பது, ஒன்று அல்லது பூஜ்யம் என்ற ஒரே ஒரு குறி. இதனை அப்படியே எழுதப் புகுந்தால், இன்று கடையில் கிடைக்கும் டி.வி.டி. தகடு ஒன்று ஐந்து நிமிடத்தில் நிரம்பிவிடும்.

எனவே சுருக்கி எழுத வேண்டியதாகிறது. அதற்கு வழி கண்டது 1988இல் கூடிய எம்பெக் என்னும் அனைத்துலக வல்லுநர் குழு. அவர்கள் முறையின் அடிப்படை மிக எளிது. திருமணப் பந்தலை நினைத்துப் பாருங்கள். பின்னால் தொங்கும் திரை, வாழை மரம், மணவறைத் தூண் ஆகியவை ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் மாறுவதே இல்லை. மாறுவது புரோகிதரின் கையும், அசையும் உதடுகளுமே. ஆதலால் ஒரு படத்தை முழுமையாக எழுதிவிட்டு, அடுத்த பத்துப் பதினொரு படங்களுக்கு, "முன்னதைப் போலவே; இன்னின்ன கட்டங்கள் மட்டும் இவ்வளவு நகர்ந்தன" என்று குறித்தால் போதும். படம் சிறு சிறு சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் இக்குறிப்பு எழுதப்படுகிறது. கட்டத்துக்குள்ளும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்மைகள் விடப்படுகின்றன. விட்டவை விட்டவைதாம், அவற்றை மறுபடி பெற இயலாது.

இங்கேதான் இடர்ப்பாடு தொடங்குகிறது. நாதசுரமும் கெட்டி மேளமும் ஓங்கி ஒலிக்க, மணமகன் தாலி கட்டும் நேரம் வருகிறது. நூறு கைகள் அட்சதை தூவுகின்றன. புகைப்படக்காரர்களின் விளக்குகள் பளிச்சிடுகின்றன. உறவினர் எழுந்து முன்னே நெருங்குகின்றனர். அந்த விநாடியில் எந்தக் கட்டமும் முந்தைய கட்டத்தைப் போல இல்லை. "முன்னதைப் போலவே" என்று எழுத வழியில்லை; எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும்; ஆனால் ஒதுக்கிய பிட் போதாது. அதனால் படம் சதுரம் சதுரமாக உடைந்து, நீரில் கரைந்த கோலம் போல ஆகிவிடுகிறது. மூன்று மணி நேரப் பதிவில் எந்த ஒரு நிமிடத்துக்காகப் படமே எடுத்தோமோ, அந்த நிமிடமே எல்லாவற்றிலும் மோசமாக அமைந்துவிடுகிறது. தகட்டின் தரத்தைச் சோதிக்க விரும்புகிறவர்கள், அமைதியாக அமர்ந்திருக்கும் முகத்தைப் பார்த்து நிறைவடைந்துவிடக் கூடாது. அட்சதை விழும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

இப்போது தகட்டு முறைகளை ஒவ்வொன்றாக நோக்குவோம். முதலாவது வி.சி.டி. இதன் இலக்கணம் 1993இல் வகுக்கப்பட்டது. பாட்டுக் கேட்கும் சாதாரணக் குறுந்தகட்டிலேயே படத்தையும் அடக்குவது இதன் நோக்கம். வரிக்கு 352 புள்ளி, 288 வரி. படத்துக்கு விநாடிக்குப் பதினொன்றரை லட்சம் பிட்; அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. ஒரு தகட்டில் 74 நிமிடம் கொள்ளும். இரண்டு, மூன்று தகடுகளில் ஒரு முழுத் திரைப்படத்தை வாங்கி வந்து பார்த்த நாட்கள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். இம்முறையின் குறை இரண்டு. 576 வரிக்குப் பதில் 288 வரியே இருப்பதால், நான் முன்பு சொன்ன இரண்டு அரைப்படங்களுள் ஒன்று கைவிடப்படுகிறது; அசைவின் வழவழப்புப் போய்விடுகிறது. அன்றியும், பிட்டின் எண்ணிக்கை மாறாதது. அட்சதை விழுந்தாலும் அதே அளவு, வெறும் சுவரைக் காட்டினாலும் அதே அளவு.

இரண்டாவது எஸ்.வி.சி.டி. இது 1998இல் சீன நாட்டில் உருவான முறை. தகடு அதே குறுந்தகடுதான்; சுருக்கும் முறை, 1995இல் நிறைவேறிய எம்பெக்-2. வரிக்கு 480 புள்ளி, 576 வரி. இரண்டு அரைப்படங்களும் காக்கப்படுகின்றன. படத்துக்கு விநாடிக்கு 26 லட்சம் பிட் வரை செலவிடலாம். தேவைக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் இடம் உண்டு. ஆனால் மேல் எல்லை அளவிலேயே எழுதினால் தகடு 37 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, 1996இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டி.வி.டி. வரிக்கு 720 புள்ளி, 576 வரி. படத்துக்கு விநாடிக்கு 98 லட்சம் பிட் வரை அனுமதி உண்டு. வீட்டில் எழுதும் ஓரடுக்குத் தகட்டின் கொள்ளளவு 470 கோடி பைட், அதாவது 3,760 கோடி பிட்.

இவ்வளவையும் கேட்டவர்கள், "அப்படியானால் டி.வி.டி.யே சிறந்தது, ஐயமென்ன?" என்று கூறக்கூடும். பொறுங்கள். டி.வி.டி. என்ற பெயர் தகட்டைக் குறிக்கிறதேயன்றி, அதில் எழுதிய படத்தின் தெளிவைக் குறிப்பதில்லை. 3,760 கோடி பிட்டை நேரத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் எழுதினால் விநாடிக்கு ஒரு கோடிக்குச் சற்று மேல். இரண்டு மணி எழுதினால் 52 லட்சம். நான்கு மணி எழுதினால் 26 லட்சம். ஆறு மணி எழுதினால் ஏறத்தாழ 17 லட்சம். இவற்றில் ஒலிக்கு இரண்டு லட்சம் போக, மீதியே படத்துக்கு.

ஒரு பொது அளவுகோல் வைத்துக்கொள்வோம். நூறு புள்ளிக்கு எத்தனை பிட் கிடைக்கிறது என்று கணக்கிடுவோம். வி.சி.டி.யில் நூறு புள்ளிக்கு 45 பிட். எஸ்.வி.சி.டி.யில் விநாடிக்கு 25 லட்சம் எழுதினால் 36 பிட். டி.வி.டி.யில் இரண்டு மணி நேரம் எழுதினால் 48. நான்கு மணி நேரம் எழுதினால் 23. ஆறு மணி நேரம் எழுதினால் 15 தான்! நான்கு பேருக்குச் சமைத்த சோற்றைப் பன்னிரண்டு இலையில் பரிமாறினால் எப்படியோ, அப்படி. இந்த அளவுகோல் தோராயமானதே. பெரிய படத்தில் அருகருகே உள்ள புள்ளிகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் அது சற்றுக் குறைவையும் தாங்கும். ஆயினும் 48 எங்கே, 15 எங்கே?

அப்படியானால் நான்கு மணி நேரப் பதிவை ஒரே தகட்டில் எழுதவே கூடாதா? எழுதலாம், அதற்கும் டி.வி.டி. இலக்கணத்திலேயே ஒரு வழி இருக்கிறது, பலர் அறியாதது. வரிக்கு 720 புள்ளிக்குப் பதிலாக 352 புள்ளி வைத்துக்கொண்டு, வரிகளை மட்டும் 576ஆகவே விட்டுவிடலாம். 'அரை டி-ஒன்று' என்று இதனைச் சொல்வார்கள். புள்ளிகளின் தொகை ஏறத்தாழப் பாதியாகிறது. நான்கு மணி நேரத் தகட்டிலும் நூறு புள்ளிக்கு 47 பிட் கிடைக்கிறது. இரண்டு அரைப்படங்களும் பழுதின்றி இருக்கின்றன.

"புள்ளியைப் பாதியாக்கினால் தெளிவும் பாதியாகாதா?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அதற்கு விடை தகட்டில் இல்லை, நாடாவில் இருக்கிறது. 1976இல் ஜே.வி.சி. நிறுவனம் வெளியிட்ட வி.எச்.எஸ். நாடா, படத்தின் உயரத்துக்குச் சமமான அகலத்துக்குள் ஏறத்தாழ 240 செங்குத்துக் கோடுகளையே பிரித்துக் காட்ட வல்லது. முழு அகலத்துக்குக் கணக்கிட்டால் 320. நாடாவில் இருப்பதே 320 அளவு நுண்மைதான் என்றால், 352 புள்ளியில் அது முழுவதும் அடங்கிவிடுகிறது. 720 புள்ளி வைப்பதால் புதிய நுண்மை ஒன்றும் தோன்றப் போவதில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? சட்டியில் உள்ளதை முழுவதும் எடுக்கும் அளவுக்கு அகப்பை இருக்க வேண்டும். அதற்கு மேல் பெரிதாக இருந்து பயனில்லை. வி.சி.டி. அகப்பை சிறிது, நாடாவில் உள்ள வரிகளில் பாதியை விட்டுவிடுகிறது. ஆறு மணி நேர டி.வி.டி.யோ பார்வைக்குப் பெரிய அகப்பை; ஆனால் ஓட்டை அகப்பை.

இதே நியாயம் மறுபக்கமும் செல்லும். 1995இல் வந்த டி.வி. என்னும் சிறு எண்ணியல் நாடாவில் எடுத்த பதிவாக இருந்தால், அதில் படத்துக்கு மட்டுமே விநாடிக்கு இரண்டரைக் கோடி பிட் இருக்கிறது. 720 புள்ளியும் உண்மையாகவே இருக்கிறது. அதனை அரைப் புள்ளியில் எழுதுவது பிழை. அதற்குத் தகடு ஒன்றுக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம் என்பதே முறை.

எனக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அவர்களிடம் மூன்று திருமண நாடாக்கள் இருந்தன. மொத்தம் ஆறு மணி நேரம். மூன்றையும் ஒரே தகட்டில், முழுப் புள்ளி அளவில் ஏற்றித் தந்தார்கள் ஒரு கடையில். "பெரிய அளவு, டி.வி.டி. தரம்" என்று சொல்லிக் கொடுத்தார்களாம். தகடு கைக்கு வந்ததும், இடத்தை அடைக்கின்றனவே என்று நாடாக்களைப் பழைய பொருள் வாங்குவோரிடம் போட்டுவிட்டார்கள். சில மாதம் கழித்துத் தகட்டைப் பார்த்தபோது, மணமக்களை ஆசீர்வதித்து அட்சதை போடும் பாட்டனாரின் முகம் சதுரக் கட்டங்களாக உடைந்து கிடந்தது. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. அவர் நடமாடிய படம் அதைத் தவிர வேறு இல்லை. "இதைச் சரி செய்ய முடியுமா, ஐயா?" என்று அந்த வீட்டு அம்மையார் கேட்டார். நாடா இருந்தால் ஒரு மணிப்பொழுதில் செய்யலாம். தகட்டிலிருந்து செய்ய இயலாது. எழுதப்படாத பிட்டை எங்கிருந்து வரவழைப்பது?

அந்த வி.சி.டி. தகடுகளே அக்காலத்தில் தெளிவாக இருந்தனவே, இப்போது ஏன் மங்கலாகத் தெரிகின்றன என்பாரும் உண்டு. தகடு மாறவில்லை, திரை மாறியிருக்கிறது. பழைய சிறு குழாய்த் திரையில் குறைகள் ஒளிந்துகொண்டன. இன்றைய தட்டைத் திரையில், சாதாரண உயர்தர அளவிலேயே, நம் பழைய வடிவப் படம் நிரப்ப வேண்டிய இடம் 1440க்கு 1080 புள்ளி. வி.சி.டி.யின் ஒவ்வொரு புள்ளியையும் ஏறத்தாழப் பதினைந்து புள்ளியாக நீட்டிக் காட்ட வேண்டியிருக்கிறது. பதினைந்தில் பதினான்கு, கருவி ஊகித்து இட்டவை.

இதனால் வேறொரு தவறான எண்ணமும் பரவியிருக்கிறது: வி.சி.டி.யை டி.வி.டி.யாக மாற்றிவிட்டால் தெளிவு கூடும் என்பது. கூடாது, குறையும். நகல் எடுப்பது வேறு, மறுபடி சுருக்குவது வேறு. ஒரு தகட்டில் உள்ள எண்களை அப்படியே மற்றொரு தகட்டுக்கோ கணினிக்கோ எடுத்து வைத்தால் ஓர் எழுத்தும் மாறாது. நூறாவது நகலும் முதல் நகலும் ஒன்றே. ஆனால் ஒரு முறையிலிருந்து மற்றொரு முறைக்கு மாற்றும்போது படத்தை விரித்து, மீண்டும் சுருக்குகிறார்கள். ஏற்கெனவே விட்டது போக இன்னும் சில நுண்மைகள் விடப்படுகின்றன. சுருக்கத்துக்குச் சுருக்கம் எழுதும் மாணவனின் விடைத்தாளைத் திருத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் உறவினருக்குத் தகடு அனுப்புவோர்க்கும் இது பொருந்தும். அங்கே வழங்கிய முறை என்.டி.எஸ்.சி. ஆதலால், நம் பால் முறைத் தகட்டை அங்குள்ள கருவிகள் சில ஏற்பதில்லை. அதற்காக 25 படத்தை 30 ஆக்கி, 576 வரியை 480 ஆக்கித் தருவார்கள். இல்லாத படங்களை இட்டு நிரப்புவதால் அசைவு தடுக்கி விழுவதுபோல ஆகும். அங்கும் கணினியில் இட்டால் பால் தகடு தடையின்றி ஓடும். ஆகவே மாற்றாமல் அனுப்புவதே நலம். மாற்றியே தீர வேண்டுமென்றால், அது உறவினருக்கான படியாக மட்டும் இருக்கட்டும். மூலம் வீட்டில் மாறாமல் இருக்கட்டும்.

இதுவரை கூறியவற்றைத் தொகுத்துச் சில நெறிகளாகச் சொல்கிறேன். ஒன்று: கடையில் நாடாவைக் கொடுக்கும்போது "டி.வி.டி.யில் போடுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள், "ஒரு தகட்டில் எத்தனை மணி நேரம்?" என்று கேளுங்கள். முழுப் புள்ளியானால் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம். வி.எச்.எஸ். நாடாவை நான்கு மணி நேரம் ஏற்றுவதானால் 352 புள்ளி, 576 வரி என்று எழுதியே கொடுங்கள். இரண்டு: முதலில் பத்து நிமிடம் மட்டும் ஏற்றச் சொல்லி, கூட்டமும் அசைவும் மிகுந்த இடத்தைப் பார்த்த பின் மீதியை ஏற்றச் சொல்லுங்கள். அசையும் பொருள் முன்னும் பின்னும் உதறுவதுபோலத் தெரிந்தால், அரைப்படங்களின் வரிசை மாறிவிட்டது என்று பொருள். திருத்தச் சொன்னால் எளிதில் திருத்திவிடலாம். மூன்று: முடிந்த தகட்டை வேறு கருவிகளில் ஓடும்படி நிறைவு செய்து வாங்குங்கள். நான்கு: எழுதும் தகட்டில் பதிவைத் தாங்குவது ஒரு சாயப் பூச்சு. வெயிலும் வெப்பமும் அதற்குப் பகை. தாள் ஒட்டாமல், உறையில் இட்டு, நிறுத்தி வையுங்கள். ஒன்றுக்கு இரண்டாக எழுதி, இரண்டாவதை வேறொரு வீட்டில் வையுங்கள்.

ஐந்தாவது, எல்லாவற்றினும் முக்கியமானது: தகடு வந்துவிட்டதென்று நாடாவை எறியாதீர்கள். தகட்டின் காலமும் கழிந்துகொண்டிருக்கிறது. 2,500 கோடி பைட் கொள்ளும் பெரிய தகடு வந்தாலும் அதன் கதையும் இதுவே. வீட்டில் எழுதும் புளூ-ரே தகடுகளின் உற்பத்தியைச் சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. ஆகவே தகட்டில் உள்ள கோப்புகளைச் சுருக்காமல் அப்படியே கணினியின் வன்வட்டிலும் எடுத்து வையுங்கள். 2003இல் வந்த எச்.264 போன்ற புதிய முறைகள், எம்பெக்-2 கேட்கும் பிட்டில் ஏறத்தாழப் பாதியிலேயே அதே தெளிவைத் தர வல்லவை. அவற்றைக் கொண்டு நாடாவிலிருந்து நேராகப் பதிந்தால் நன்மை உண்டு. பழைய தகட்டிலிருந்து பதிந்தால் இடம் மிச்சமாகும், தெளிவு கூடாது.

முறைகள் இன்னும் பல வரும். பெயர்களும் எண்களும் மாறும். எந்த முறை வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டால் ஏமாற வேண்டியதில்லை: மூலத்தில் எவ்வளவு தெளிவு இருக்கிறது? விநாடிக்கு எத்தனை பிட் தருகிறார்கள்? இது எத்தனையாவது முறை சுருக்கப்படுகிறது? நாடாவும் ஓட்டும் கருவியும் இன்னும் கைக்கு எட்டும் வீடுகள், இவ்வேலையை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்காமல் இந்தக் கோடை விடுமுறையிலேயே செய்து முடித்தல் நலம்.